போன்சு கொண்டு வரப்போகும் லேப்டாப்

1.

இந்தக் கதையை நான் கற்பனை செய்யவில்லை. ஒட்டுக் கேட்டேன். எங்கள் ஊரான குமாசியில், அடும் கடைத்தெருவில், ஒரு கம்ப்யூட்டர் கடைக்குள்.

மழைக்கு ஒதுங்கியதாக முதல் பிரதியில் எழுதியிருந்தேன். அது கௌரவத்துக்காக எழுதியது. மழை தொடங்கும் முன்பே நான் உள்ளேதான் இருந்தேன். எனக்கும் ஒரு லேப்டாப் விசாரிக்க வேண்டியிருந்தது. என்னுடையது எழுத உட்கார்ந்தால் அடுப்புக்கல் மாதிரி சூடாகிறது. மடியில் துண்டை மடித்துப் போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். புதியது வாங்கியதும் நாவலைத் தொடங்குவது என்று ஓர் ஏற்பாடு. நாவல் எழுதாமல் இருப்பதற்கு இதைவிட வசதியான ஏற்பாடு கிடையாது. வருடம் தவறாமல் யாராவது ஒருவர் இதைவிட நல்லது வரப்போகிறது என்று அறிவிக்கிறார். நானும் நன்றியோடு காத்திருக்கிறேன்.

கடையின் பெயர் ‘அவருடைய நேரத்தில்’, அதாவது கடவுளுடைய நேரத்தில். பெயர்ப்பலகை பொறுத்திருக்கச் சொன்னது. அதன் கீழே தொங்கிய அட்டை இன்றே வாங்கச் சொன்னது.

முழுக்க நனைந்த ஒரு பெண் உள்ளே வந்தாள். நாற்பதைத் தாண்டியவள். கல்லாவில் இருந்த சார்பொங்கிடம் நேராகக் கேட்டாள்.

“இப்ப வாங்கிடலாமா, இல்ல புதுசு வர்ற வரைக்கும் பொறுக்கலாமா?”

“அக்கா, புதுசு எப்பவும் வந்துக்கிட்டேதான் இருக்கு. இயேசுவும் வந்துக்கிட்டேதான் இருக்காரு. அதுக்காக ஊர்ல யாராவது சாப்பிடாம இருக்காங்களா?”

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அவள் சிரிக்காத அந்த இடத்தில்தான் இந்தக் கதை தொடங்கியது.

2.

தொடங்கியது என்று சொல்லிவிட்டேனே தவிர, தொடக்கம் எளிதில் அமையவில்லை.

நனைந்து வந்தவளின் பெயர் கொனாடு. முதல் தொடக்கம்: ‘கொனாடு சாவுகளை அச்சிடுபவள்.’ படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் பொய். சாவு தானாக வருகிறது. அவள் அதற்குச் சுவரொட்டி மட்டும்தான் செய்கிறாள். அடித்துவிட்டேன்.

இரண்டாவது: ‘மழை பெய்துகொண்டிருந்தது. ஊரின் தகரக்கூரைகள் எல்லாம் ஒரே நேரத்தில்’

இதில் எல்லா வேலையையும் மழையே பார்க்கிறது. பாதியில் விட்டுவிட்டேன். வாக்கியத்தை முடித்துக்கொடுக்க விரும்புகிறவர்கள் முடித்துக்கொள்ளலாம்.

மூன்றாவதை வைத்துக்கொள்கிறேன், கீழே வருவது அதுதான். இதைவிடச் சிறந்தது கிடைத்தால் மாற்றிவிடுவேன். (நீங்கள் இதைப் படிக்கிறீர்கள் என்றால் கிடைக்கவில்லை என்று அர்த்தம்.)

3.

கொனாடுவின் லேப்டாப்புக்குக் கழுத்து முறிந்து வெகு காலமாகிறது. திரையை மைலோ என்ற பானத்தூளின் காலி டின் ஒன்றில் சாய்த்து வைத்துக்கொண்டுதான் அசாஃபோ பகுதியின் பாதிச் சாவுகளுக்கு அவள் சுவரொட்டியும், அடக்கத்தன்று எல்லோர் கையிலும் கொடுக்கும் நினைவுப் புத்தகமும் செய்துகொடுத்திருக்கிறாள். இறந்தவர்களை அவள் கொஞ்சம் இளமையாக்கிவிடுவாள். சிலருக்குத் தோள்கூட நிமிர்ந்துவிடும். அது குறித்து எந்தக் குடும்பமும் புகார் சொன்னதில்லை.

பிறகு அவளுடைய அம்மா ஃப்ரேமா இறந்துபோனாள்.

எங்கள் ஊரில் யாரையும் அவசரமாகப் புதைப்பதில்லை. வீட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டும், எல்லோருக்கும் ஒரே துணியில் தைக்க வேண்டும், வெளிநாட்டில் இருப்பவர்கள் வந்து சேர வேண்டும். அதுவரை இறந்தவர் ஆஸ்பத்திரிக் குளிரறையில் காத்திருப்பார். ஃப்ரேமாவும் காத்திருந்தாள். கொனாடு சுவரொட்டி செய்து வீட்டு வாசலில் ஒட்டினாள். தேதி மாறியது. தேதியின் மேல் ஒரு காகிதத் துண்டு ஒட்டினாள். மறுபடி மாறியது. அதன் மேல் இன்னொரு துண்டு. இப்போது அந்த இடம் மட்டும் காய்த்துப்போன தோல் மாதிரி தடித்திருக்கிறது.

சுவரொட்டியின் அடியில் பிள்ளைகளின் பெயர்கள்: கொனாடு, போன்சு (ஹாம்பர்க்).

அடைப்புக்குறி எங்கள் சுவரொட்டிகளில் பெரிய கௌரவம். லண்டன், டொரொண்டோ, ஹாம்பர்க் என்று பெயருக்குப் பின்னால் எத்தனை அடைப்புக்குறி இருக்கிறது என்று தெருவே நின்று பார்க்கும். அடைப்புக்குறி இல்லாதவர்கள் பந்தல்காரனிடம் பேசுவார்கள், நாற்காலி எண்ணுவார்கள், குளிரறைக்குப் போய்வருவார்கள்.

(நானும் இந்தக் கதையில் அடைப்புக்குறி போடுகிறேன். உள்ளே இருப்பவர்கள் வெளியே வருவது கடினம் என்பதைக் கவனித்தேன்.)

4.

போன்சு அவளுடைய தம்பி. அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோதே லேப்டாப் பேச்சு ஆரம்பித்துவிட்டது. அந்தத் தொலைபேசி உரையாடலை கொனாடு எனக்கு நடித்தே காட்டினாள்.

“அக்கா, இப்ப வாங்கிடாத. செப்டம்பர்ல புது மாடல் வருது. பேட்டரி நாள் பூரா நிக்குமாம். கரண்ட் போனாலும் உனக்குக் கவலையில்ல.”

“இங்க கரண்ட் நாள் பூராவோட நிறுத்திக்குதா என்ன?”

“அதுக்குத்தான் சொல்றேன். இப்ப வாங்கினா ரெண்டே மாசத்துல பழசாயிடும்.”

“என் மூஞ்சிகூடத்தான் ரெண்டு மாசத்துல பழசாயிடும். சரி, வர்றவங்க யார்கிட்டயாவது குடுத்து விடேன்டா.”

“குடுத்தெல்லாம் விட மாட்டேன். நானே கையில கொண்டு வரேன்.”

அதுவரை அவன் எல்லாவற்றையும் கொடுத்துத்தான் விட்டிருக்கிறான். தையல் மெஷின், செருப்பு, வாசனைத் தண்ணீர், அம்மாவின் ரத்த அழுத்த மாத்திரை. யாராவது ஹாம்பர்க்கிலிருந்து வந்தால் அவர் பெட்டியில் பாதி போன்சுவின் சாமான்தான் இருக்கும். கையில் கொண்டு வருகிறேன் என்று அவன் சொன்ன முதல் பொருள் இது.

அம்மா இறந்ததும் அந்த வாக்கியத்தில் சில சொற்கள் கூடின. “அம்மா காரியத்துக்கு வரும்போது கையில கொண்டு வரேன்.”

செப்டம்பர் வந்தது. “புது மாடல் வந்துடுச்சு அக்கா. ஆனா சூடாகுதாம். அதைச் சரி பண்ணி இன்னொண்ணு விடப்போறாங்களாம். கொஞ்சம் பொறு.” சுவரொட்டியில் முதல் துண்டு ஒட்டப்பட்டது அப்போதுதான்.

வாசகரிடம் மறைக்க எதுவும் இல்லை என்பதால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். போன்சுவிடம் அங்கே தங்குவதற்கான காகிதம் இல்லை. இத்தனை வருடமாக இல்லை. வந்தால் திரும்பிப் போக முடியாது. இது கொனாடுவுக்குத் தெரியும், அவள் மாமாவுக்குத் தெரியும், எதிரே வாழைக்காய் பொரிப்பவளுக்கும் தெரியும். யாரும் வாயைத் திறப்பதில்லை. பேசுவதற்கு எல்லோருக்கும் லேப்டாப் இருந்தது.

5.

அம்போஃபோ மாமா, அதாவது ஃப்ரேமாவின் அண்ணன், ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்த கையோடு வந்தார். குடும்பத்தில் தேதி வைக்கிறவர் அவர்தான்.

“குளிரறை வாட்ச்மேன் இப்ப என் பேரச் சொல்லி வணக்கம் வைக்கிறான். எனக்கு வேணாம்மா அந்த மரியாதை.”

“தம்பி வரட்டும்னுதான் மாமா…”

“வர வேணாம்னு நான் சொன்னேனா? உங்கம்மா என்கூடப் பொறந்தவ. அவ அங்க கிடக்கா, எனக்கு இங்க குளிருது. வர்ற சனிக்கிழமை. அதை எழுதி மேல ஒட்டு.”

“புத்தகம் இன்னும் முடியல. இந்த லேப்டாப் பாதியில பாதியில நின்னுடுது. அவன் புதுசு கொண்டு வரேன்னு சொல்லியிருக்கான்.”

மாமா மைலோ டின்னைப் பார்த்தார்.

இந்த இடத்தில் அவர் வாயில் ஒரு நல்ல வாக்கியம் வைத்திருந்தேன். இரண்டு நாள் யோசித்து எழுதியது. பிறகு எடுத்துவிட்டேன். அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்து போனார். நான் எழுதியதைவிட அது நன்றாக இருந்தது.

அன்று மாலை கரண்ட் போனது. திரும்பி வந்தபோது லேப்டாப் வரவில்லை.*

* கதைக்கு இது அளவுக்கு மீறி வசதியாக அமைகிறது என்று எனக்கும் தோன்றியது. வேறு நாளுக்கு மாற்றிப் பார்த்தேன். ஆனால் கொனாடு அப்படித்தான் சொன்னாள். பழைய இயந்திரங்களுக்குக் கதை எழுதும் நயம் தெரியாது.

6.

இப்போது சார்பொங் மேல் எனக்குச் சந்தேகம். கதைகளில் வரும் கடைக்காரர்கள் தேவைக்கு அதிகமாகப் புத்திசாலிகளாகிவிடுகிறார்கள். நிஜச் சார்பொங் பேச்சுக்கு நடுவில் வாக்கியே என்ற காராமணிச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தான். முட்டையைப் பிட்டு வாயில் போடும்போதெல்லாம் கருத்துச் சொல்வதை நிறுத்திவிட்டான். அவனுக்கு ஒரு லேப்டாப் விற்க வேண்டும். அவ்வளவுதான்.

“வேற யார்கிட்டயாவது புத்தக வேலையைக் குடுத்துடலாமே அக்கா? பக்கத்துக் கடையிலயே செய்யறான்.”

“அவனா? போன மாசம் ஒரு கிழவனுக்கு வேற கிழவன் போட்டோவை வெச்சுட்டான். ஊருக்கெல்லாம் செஞ்சுட்டு எங்கம்மாவுக்கு அடுத்தவன்கிட்ட போவேனா?”

“அப்ப வாங்குங்க. இது நல்ல சாமான்.”

“புதுசு இதைவிட நல்லா இருக்குமா?”

“இருக்கும். பொய் சொல்ல மாட்டேன். ஆனா அது எங்க இருக்கு? இது இங்க இருக்கு.”

அவள் லேப்டாப்பின் மூடியைத் திறந்தாள். மூடினாள். கழுத்து தானாக நிற்பதை மறுபடி மறுபடி பார்த்தாள்.

“நான் இதை வாங்கி, என் தம்பியும் ஒண்ணு கொண்டு வந்துட்டா? ரெண்டை வெச்சு என்ன பண்றது?”

சார்பொங் கையை நக்கிவிட்டுச் சிரித்தான். “இத்தனை வருஷத்துல அந்தப் பிரச்சினையோட ஒருத்தரும் என் கடைக்கு வந்ததில்லக்கா.”

வெளியே மழை வலுத்தது. அவள் என் பக்கத்து பிளாஸ்டிக் நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். நான் எதுவும் கேட்கவில்லை. கேட்காமல் உட்கார்ந்திருப்பது எனக்கு வரும். வேறு அதிகம் வராது. அவளாகவே சொல்லத் தொடங்கினாள். நீங்கள் இதுவரை படித்ததெல்லாம் அதுதான். கடைசியில் சொன்னது இது:

“நான் வாங்கிட்டேன்னா, அவன் வரமாட்டான்னு நானே சொன்ன மாதிரி ஆயிடும்.”

பிறகு என் பக்கம் திரும்பினாள். “நீங்க என்ன வேலை?”

“கதை எழுதறேன்.”

“எதுல?”

“புதுசு வாங்கினதும் ஆரம்பிக்கணும்.”

அப்போதுதான் முதல்முறையாகச் சிரித்தாள். “உங்களுக்கு யாரு கொண்டு வர்றாங்க?”

7.

மூன்று முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

ஒன்றில், அவள் வாங்காமல் திரும்பிப் போகிறாள். சனிக்கிழமை, புத்தகம் இல்லாமலே ஃப்ரேமாவைப் புதைக்கிறார்கள். இதை எழுதும்போது கொனாடு என்னைத் திட்டுவது காதில் கேட்டது. கிழித்துவிட்டேன்.

இன்னொன்றில், போன்சு வருகிறான். பந்தலுக்கு வெளியே டாக்சி நிற்கிறது, கையில் பெட்டி, துக்கத்துக்குக் கறுப்புத் துணியும் சிவப்புத் துணியும் கட்டிய கூட்டம் மொத்தமும் எழுந்து நிற்கிறது. முதலில் எழுதியதே இதைத்தான். ஒரே மூச்சில் எழுதினேன், அழுதும் விட்டேன். காலையில் எடுத்துப் படித்தபோது, அவன் திரும்பிப் போக முடியாமல் அடும் தெருவில் அலையும் அடுத்த பத்து வருடங்களை யார் எழுதுவது என்று தோன்றியது.

மூன்றாவது நடந்தது. என் கண்ணால் பார்த்தேன். அவள் வாங்கினாள். சார்பொங் கறுப்புப் பையில் போட்டு, அதை இன்னொரு பையில் போட்டுக் கொடுத்தான். அவள் அதை மேல்துணிக்குள் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு, ட்ரோட்ரோ மினிபஸ்ஸின் பின்சீட்டில் ஏறிப் போனாள்.

கதை இங்கே முடிந்துவிட்டது என்று நினைத்தேன். வாங்குவதா, பொறுப்பதா? வாங்கிவிட்டாள். ஆனால் அவள் உண்மையில் கேட்டது அதுவல்ல என்று வீட்டுக்கு வந்து துண்டை மடித்து மடியில் போடும்போது புரிந்தது.

8.

இனி வருவது என் கற்பனை. இதற்கு மேல் ஒட்டுக் கேட்க எனக்கு எதுவும் இல்லை.

கொனாடு மேஜையைத் துடைத்து லேப்டாப்பை வைக்கிறாள். மைலோ டின் பழக்கத்தில் பக்கத்திலேயே இருக்கிறது. மூடியைத் திறந்து ஆன் செய்கிறாள். அன்று காலை வரை பெட்டியை விட்டு வெளியே வராத அந்தப் புத்தம்புது லேப்டாப் அவளிடம் முதலில் கேட்கும் கேள்வி: புதுப்பிக்க வேண்டும், இப்போதா, பிறகா?

‘பிறகு’ என்பதை அழுத்துகிறாள். (நானும் அதையே அழுத்தியிருப்பேன்.)

பென் டிரைவைச் செருகி அம்மாவைத் திறக்கிறாள். எல்லா அம்மாக்களையும் இளமையாக்கியவள், இந்த முகத்தில் ஒரு சுருக்கத்தையும் தொடவில்லை. கீழே பிள்ளைகளின் வரிசைக்கு வருகிறாள். கொனாடு, போன்சு (ஹாம்பர்க்).

போன் அடிக்கிறது.

“அக்கா, மாமா பேசினாரு. சனிக்கிழமையாமே.”

“ஆமாடா.”

“இப்படித் திடீர்னு சொன்னா எப்படி… லீவு கேக்கணும், டிக்கெட் பாக்கணும்…” அவன் மூச்சு கேட்கிறது. பின்னால் பாத்திரம் கழுவும் சத்தம். “புத்தகம்? லேப்டாப் செத்துப்போச்சுன்னாரு மாமா. எதுல செய்வ?”

அவள் திரையைப் பார்க்கிறாள்.

“வாங்கிட்டியா?”

அவள் ‘ஆமா’ என்றால் அவன், ‘நல்லதாப் போச்சுக்கா’ என்பான். பாரத்தைக் கீழே வைத்த மனிதனின் குரல் அதில் கேட்கும். இனி ஒருபோதும் அவன் வருகிறேன் என்று சொல்ல வேண்டியிருக்காது. அவளாலும் அந்தச் சொல்லை இனி ஒருபோதும் கேட்க முடியாது.

அவள் ‘இல்லை’ என்றால், அவன் கையில் கொண்டு வருவதற்கு இன்னும் ஒன்று இருக்கும். அம்மா மண்ணுக்குப் போன பிறகும், ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும், புதிய மாடல் ஒன்று வந்துகொண்டே இருக்கும். வீடியோவில் அவன் அழைக்கும்போதெல்லாம் அவள் இந்த லேப்டாப்பின் மேல் ஒரு துணியைப் போட்டு மூடிக்கொள்வாள்.

எது அன்பு என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டையும் எழுதி, இரண்டையும் அடித்துவிட்டேன். என் மடி கொதிக்கிறது, நான் எழுந்துகொள்கிறேன். நீங்கள் அந்த மேஜைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறீர்கள். ஒரே ஒரு சொல்தான். அவள் உங்கள் முகத்தைப் பார்க்கிறாள்.

“அக்கா? லைன்ல இருக்கியா?”