வீக்கம் வடிந்த கண்

அக்கா ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் துணி வெட்டுபவள். அவளுடைய இடது விழித்திரையில் அழற்சி வந்து ஏழு மாதமாகிறது. மாதாமாதம் தம்பிதான் அவளை ஸ்கேனுக்குக் கூட்டி வருவான். ஒவ்வொரு முறையும் படத்தின் நடுவில் வீக்கம் மண்மேடு போலத் தெரியும். இன்று அந்த இடம் சமமாக இருந்தது.

"அக்கா, மேடே இல்ல," என்றான். அவள் அவன் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

டாக்டர் பழைய படத்தையும் புதியதையும் அருகருகே வைத்துப் பார்த்தார். "வீக்கம் வடிஞ்சது நிஜந்தாம்மா. ஆனா அடியில பார்வை தர்ற அடுக்கும் அழிஞ்சுபோச்சு. இனி எந்த மருந்தாலயும் இந்தக் கண்ணுக்குப் பார்வை திரும்பாது."

"வலது கண்ணு இருக்கே," என்றாள் அக்கா.

டாக்டர் அந்தக் கண்ணின் படத்தைத் திறந்தார். "இதுலயும் லேசா வீக்கம் ஆரம்பிச்சிருக்கு. மாத்திரையைக் கூட்டுறேன். நாலு வாரத்துல மறுபடி படம் எடுப்போம்."

வெளியே வந்ததும் தம்பி, "அவசரப்பட்டு வாயை விட்டுட்டேன்கா," என்றான்.

"விடுடா. அந்த ரெண்டு நிமிஷம் நல்லாத்தான் இருந்துச்சு."

பிறகு போனை அவனிடம் நீட்டினாள். "சூப்பர்வைசருக்குப் போடு. நான் துணி வெட்டுற மேசைக்கு வேற ஆளைப் பாக்கச் சொல்லிடலாம்."