பழுப்பேறாத களிம்பு

திருவண்ணாமலை திருவூடல் தெருவில் டாக்டர் ராமதாஸ் தோல் வைத்தியத்துக்காகக் கிளினிக் திறந்தபோது, மருந்து கலக்க ஒரு பெண்ணை வேலைக்கு வைத்தது ஊருக்குக் கொஞ்சம் புதிதாகத்தான் இருந்தது. சீட்டை நீட்டுகிறவர்கள் ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்து, "கம்பவுண்டர் இல்லையாம்மா?" என்று கேட்பார்கள். "நான்தாங்க கம்பவுண்டர்" என்பாள் கஸ்தூரி. ஒரு நாளைக்குப் பத்து தடவை சொன்னாலும் அந்தப் பதில் அவளுக்குச் சலித்ததில்லை. கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போடுகிற குடும்பத்திலிருந்து மெட்ராஸுக்குப் போய் மருந்தாளுநர் படிப்பு முடித்து வந்த முதல் பெண் அவள். இருபத்தாறு வயது. அளவு பார்க்கும் சின்னத் தராசை அவளைத் தவிர வேறு யாரும் தொட முடியாது.

1984 தை மாதக் கடைசியில் அடி அண்ணாமலையிலிருந்து திரௌபதி வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். ஒன்றரை ஏக்கர் நிலம், அதில் நாள் முழுக்க வெயிலில் வேலை. பௌர்ணமி வந்தால் மலை சுற்றுகிறவர்களுக்கு மோர் விற்பாள். இரண்டாவது பிள்ளை பெற்ற பிறகு இரண்டு கன்னத்திலும் மேலுதட்டிலும் கறுப்புத் திட்டாக மங்கு படர்ந்துவிட்டது. மோர் வாங்குகிறவர்கள்கூட டம்ளரை வாங்குவதற்கு முன்னால், "முகத்துல இன்னாம்மா அது?" என்று விசாரிக்க ஆரம்பித்தார்கள். பொறுக்க முடியாமல் ஒரு ஃபேன்சி ஸ்டோரில் கிடைத்த பேர் தெரியாத கிரீமைப் பூசினாள். அதில் எதைக் கலந்திருந்தார்களோ, முதல் மாதம் வெளுத்தது. அப்புறம் எரிந்து தோல் உரிந்து, முன்னைவிடக் கறுப்பாகத் திரும்பி வந்தது.

டாக்டர் விளக்கை வைத்துப் பார்த்தார். "முதல்ல அந்தப் புண் ஆறட்டும். ஒரு மாசம் ஒண்ணும் பூசாதே" என்று அனுப்பினார். மாசிக் கடைசியில் அவள் மறுபடி வந்தபோது கஸ்தூரியைக் கூப்பிட்டு ஒரு மருத்துவப் பத்திரிகையைக் காட்டினார்.

"மூணு மருந்தை ஒண்ணா சேர்த்துப் போட்டா மங்கு நல்லா குறையுதுன்னு எழுதியிருக்காங்க. ஒண்ணு கறுப்பைக் கம்மி பண்ணும். இன்னொண்ணு மேல்தோலை மெல்ல உரிச்சு மருந்தை உள்ள எறக்கும். மூணாவது, இது ரெண்டும் பண்ற எரிச்சலை அடக்கும். தனித்தனியாப் போட்டு நான் பாத்தாச்சு, அரைகுறைதான். சேர்ந்து கடையில வரல. நாமதான் கலக்கணும். முடியுமா?"

"முடியும் சார்" என்றாள் கஸ்தூரி, யோசிக்காமலே.

கண்ணாடிப் பலகையில் களிம்பைப் பரப்பி, மூன்றையும் நிறுத்துப் போட்டு, துளிக்கூடக் கட்டி தட்டாமல் தேய்த்தெடுத்தாள். வெண்ணெய் மாதிரி வந்தது. கண்ணாடிக் குப்பியில் போட்டு, ராத்திரி படுக்கும்போது பூச வேண்டும் என்று சொல்லி திரௌபதியிடம் கொடுத்தாள்.

பத்தாம் நாள் காலை, கிளினிக்கில் உட்கார இடமில்லாத கூட்டம். திரௌபதி நேராக ஜன்னலுக்கு வந்து குப்பியைத் திறந்து நீட்டினாள். உள்ளே களிம்பு காப்பித்தூள் நிறத்தில் இருந்தது.

"ஏம்மா, எனக்குப் பூசச் சொல்லிக் குடுத்த மருந்துக்கே மங்கு வந்துட்டுது பாரு!"

பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். கஸ்தூரிக்குக் காது வரைக்கும் சூடேறியது. சத்தம் கேட்டு வெளியே வந்த டாக்டர் குப்பியைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "காத்துப் பட்டுக் கெட்டுப்போச்சு. விடும்மா, மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் குடுத்துடலாம்."

"மெட்ராஸுக்கு யாருங்க போறது? களையெடுப்பு ஆரம்பிச்சாச்சு" என்றாள் திரௌபதி.

கஸ்தூரி குப்பியை வாங்கி மூடினாள். "அக்கா, ஒரு மாசம் டைம் குடுங்க. சார், நீங்களும் குடுங்க. நான் கலந்தது கெட்டுப்போச்சுன்னா, ஏன் கெட்டுச்சுன்னு நான்தான் கண்டுபிடிக்கணும்."

டாக்டர் அவள் முகத்தைப் பார்த்தார். அதற்கு மேல் மெட்ராஸ் பேச்சை எடுக்கவில்லை.

அன்றைக்கே நான்கு குப்பிகளில் களிம்பு கலந்தாள். முதலாவது சாதாரணக் கண்ணாடி, பாதி அளவு. இரண்டாவது பழுப்புக் கண்ணாடி, அதுவும் பாதி அளவு. மூன்றாவதும் பழுப்புக் கண்ணாடிதான், ஆனால் விளிம்பு வரை நிரப்பியது. நான்காவதும் பழுப்புக் கண்ணாடி; அதில், ஊசி மருந்து கெடாமலிருக்கச் சேர்க்கும் ஒரு வெள்ளை உப்பைத் துளி நீரில் கரைத்துச் சேர்த்து, அதையும் விளிம்பு வரை நிரப்பினாள். கிளினிக்கில் குளிர்சாதனப் பெட்டி இருந்தது. அதில் வைத்தால் எல்லாமே நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அடி அண்ணாமலையில் திரௌபதி வீட்டில் பெட்டி ஏது? அதனால் நான்கையும் பஸ்ஸில் கீழ்பென்னாத்தூருக்கு எடுத்துக்கொண்டு போய், தங்கள் வீட்டுத் தகரக் கூரைக் கொட்டகையில், மூட்டைகளுக்கு நடுவில் வெளிச்சம் விழுகிற இடமாகப் பார்த்து வைத்தாள். பங்குனி வெயிலில் அந்தக் கொட்டகைக்குள் நின்றாலே வியர்த்துக் கொட்டும்.

அப்பா சகாதேவன் மறுநாள் அதைப் பார்த்துவிட்டுக் கேட்டார். "இன்னாம்மா இது, மல்லாட்டை மூட்டைக்கு நடுவுல வெண்ணெய வச்சிருக்கே?"

"வெண்ணெய் இல்லப்பா, மருந்து. தொட்டுடாதீங்க. தெனம் சாயங்காலம் நான் வந்து பாக்கணும்."

முதல் குப்பி மூன்றாம் நாளே மஞ்சளாகி, ஐந்தாம் நாள் பழுப்பாகிவிட்டது. இரண்டாவது ஒரு வாரம் தாங்கியது. மூன்றாவது பதினாறாம் நாள் மூடியோரத்தில் வளையமாகப் பழுப்பேறத் தொடங்கியது. நான்காவதை இருபத்தைந்தாம் நாள் திறந்தாள். ஓரத்தைச் சுரண்டிப் பார்த்தாள். அடிவரைக்கும் தோண்டிப் பார்த்தாள். வெள்ளை வெளேரென்று இருந்தது. கொட்டகையில் தன்னந்தனியாக நின்றுகொண்டு கஸ்தூரி வாய்விட்டுச் சிரித்தாள்.

"சரியா வந்துச்சா?" என்று வாசலிலிருந்து கேட்டார் சகாதேவன்.

"வந்துச்சுப்பா!"

அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு டீக்கடைக்குக் கிளம்பினார். அங்கே, தன் மகள் மெட்ராஸ்காரர்களுக்கே வராத மருந்தைத் தன் கொட்டகையில் வைத்துச் செய்துவிட்டதாகச் சொன்னார் என்று மறுநாள் பஸ்ஸில் இரண்டு பேர் அவளிடம் விசாரித்தார்கள்.

இரண்டு வாரத்துக்கு மட்டும் வருகிற மாதிரி சின்னப் பழுப்புக் குப்பியில் அடைத்து, கலந்த தேதியை ஒட்டி, திரௌபதியிடம் கொடுத்தாள். கூடவே, பகலில் பூச டாக்டர் எழுதியிருந்த துத்தநாகக் களிம்பையும் கொடுத்தாள். "ராத்திரி மருந்து போக்குறத பகல் வெயில் திருப்பிக் கொண்டாந்துடும்க்கா. ரெண்டும் சேர்ந்தாத்தான் வைத்தியம்."

திரௌபதி அதைப் புறங்கையில் தடவிப் பார்த்தாள். சுண்ணாம்பு அடித்த மாதிரி இருந்தது.

"பேரு திரௌபதின்னா கூத்துல வேஷம் கட்டணுமா? இதைப் பூசிட்டு நான் கழனிக்குப் போனா மாடு மெரளும்!"

இந்த முறை கஸ்தூரியும் சேர்ந்து சிரித்தாள். ஆனால் விடவில்லை. மெட்ராஸிலிருந்து, மருந்தில் சேர்க்கக்கூடிய சிவப்பு, மஞ்சள் இரும்பு ஆக்சைடு நிறத் தூள்களை வரவழைத்தாள். மத்தியானம் நோயாளிகள் இல்லாத நேரத்தில் துத்தநாகத்தோடு கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, தன் கையில் பூசிப் பூசிப் பார்த்தாள். ஒன்று செங்கல் நிறம், ஒன்று சந்தன நிறம், ஒன்று சாம்பல் பூத்த மாதிரி. எட்டாவது கலவை தோலோடு தோலாக மறைந்தது. அதை முகம் முழுக்கப் பூசிக்கொண்டு உச்சி வெயிலில் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்து திரும்பினாள். தெரிந்தவர்கள் நாலு பேர் எதிரில் வந்தார்கள். ஒருத்தரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. யாரும் திரும்பிப் பார்க்காததற்காக அவள் சந்தோஷப்பட்டது அன்றைக்கு மட்டும்தான்.

எல்லாம் சுலபமாக நடந்துவிடவில்லை. இரண்டாவது வாரம் கன்னம் எரிகிறது என்று திரௌபதி சண்டைக்கு வந்தாள். டாக்டர் ஒருநாள் விட்டு ஒருநாள் பூசச் சொல்லி மாற்றினார். பகல் களிம்பை அவள் ஒழுங்காகப் பூசுகிறாளா என்று கஸ்தூரிக்குச் சந்தேகம். ஒரு ஞாயிற்றுக்கிழமை சொல்லாமல் அடி அண்ணாமலைக்குப் போனாள். கழனியில் மற்ற பெண்களோடு திரௌபதி தலைக்குமேல் துண்டைக் கூரைபோல இழுத்துவிட்டுக்கொண்டு களை கொத்திக்கொண்டிருந்தாள். கன்னத்தைத் தொட்டுப் பார்த்தால் களிம்பு கையில் ஒட்டியது.

"பரீட்சை வைக்க வந்தியா கம்பவுண்டரம்மா?" என்றாள் திரௌபதி. "பாத்துக்கோ. தெனம் ரெண்டு வாட்டி பூசறேன். இவளுங்க மொதல்ல சிரிச்சாளுங்க, இப்ப எங்களுக்கும் வாங்கிக் குடுன்னு கேக்கறாளுங்க."

பக்கத்து வரிசையில் நின்ற பொன்னி வெட்கத்தோடு தன் நெற்றியைக் காட்டினாள். அங்கேயும் மங்கு.

மூன்று மாதம் முடிந்ததும் ராத்திரி மருந்தை டாக்டர் நிறுத்தினார். அதற்குமேல் தொடர்ந்து பூசக் கூடாது, தோல் மெலிந்துவிடும் என்றார். பகல் களிம்பு மட்டும் தொடர்ந்தது. ஆவணியில் கன்னத்தில் முக்கால்வாசி கறுப்பு இல்லை. மேலுதட்டில் மட்டும், தெரிந்து பார்த்தால் தெரிகிற மாதிரி ஒரு நிழல் இருந்தது.

புரட்டாசியில் திருவண்ணாமலை லாட்ஜ் ஒன்றின் ஹாலில் டாக்டர்கள் கூட்டம் நடந்தது. சுற்று வட்டாரத்திலிருந்து முப்பது பேர் வந்திருந்தார்கள். மெட்ராஸிலிருந்து தோல் வைத்தியப் பேராசிரியர் ஒருவர். டாக்டர் ராமதாஸ் திரௌபதியின் வைத்தியத்தைப் பற்றிப் பேசுவதாக ஏற்பாடு. திரௌபதி அரக்குச் சேலை கட்டி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். கஸ்தூரி கடைசி வரிசையில், கதவுப் பக்கமாக.

டாக்டர் பேசி முடித்ததும் பேராசிரியர் எழுந்து வந்து, திரௌபதியின் முகத்தை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நல்லா வந்திருக்கு. எந்தக் கம்பெனி மருந்து?"

"கம்பெனி இல்லைங்க சார். எங்க கிளினிக்ல கலந்தது."

"நாங்களும் கலந்து பாத்தோமே. பத்து நாள்ல பழுத்துப் போயிடுது. கிராமத்துல, ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டுல எப்படித் தாங்குச்சு?"

டாக்டர் ராமதாஸ் வாயெடுத்தார், நிறுத்தினார். பிறகு கடைசி வரிசையைப் பார்த்துக் கையை நீட்டினார். "இதைக் கண்டுபிடிச்சது எங்க கம்பவுண்டர் கஸ்தூரி. அவங்களே சொல்லட்டும்."

முப்பது தலைகளும் திரும்பின. கஸ்தூரி எழுந்து நின்றாள். முதல் குப்பி, இரண்டாம் குப்பி என்று வரிசையாகச் சொல்லத் தொடங்கினாள். வெளிச்சம் எத்தனை நாளில் கெடுத்தது, காற்று எத்தனை நாளில் கெடுத்தது, உப்பை எந்த அளவில், எப்போது சேர்க்க வேண்டும், பகல் களிம்புக்கு எப்படி நிறம் சேர்த்தாள் என்று ஒன்றுவிடாமல் சொன்னாள்.

பேராசிரியர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். "கொஞ்சம் மெதுவா சொல்லுங்கம்மா. எழுதிக்கறேன்."

அவர் எழுத ஆரம்பித்ததைப் பார்த்து மற்றவர்களும் பேனாவை எடுத்தார்கள். தான் சொல்லச் சொல்ல முப்பது டாக்டர்கள் எழுதுவதைக் கஸ்தூரி நிமிர்ந்து நின்று பார்த்தாள். தேர்வில் தேறிய அன்றுகூட அவளுக்கு நெஞ்சு இப்படி நிறைந்ததில்லை.

பின்னாலிருந்து ஒரு டாக்டர் கேட்டார். "ஆனா முழுசாப் போகலையே? உதட்டு மேல இருக்கே?"

கஸ்தூரி பதில் சொல்வதற்குள் திரௌபதி எழுந்துவிட்டாள்.

"இருக்குதுங்க. இருக்கறது என்னுது, வெயில்ல நிக்கறவ முகத்துல அது இருக்கும். போனது இந்தம்மா போக்கினது. அதை எழுதிக்குங்க."

ஹாலில் கைதட்டல் எழுந்தது. முதலில் தட்டியவர் டாக்டர் ராமதாஸ்.

ஐப்பசி முதல் வாரத்தில் போளூரிலிருந்து இருசப்பன் என்ற கம்பவுண்டர் பஸ் பிடித்து வந்தார். கஸ்தூரியைவிட இருபது வயது மூத்தவர். தங்கள் டாக்டர் கூட்டத்துக்கு வந்திருந்ததாகவும், எழுதிக்கொண்டு வந்ததை வைத்துக் கலந்தும் சரியாக வரவில்லை என்றும், கையோடு பார்த்துக் கற்றுக்கொண்டு வரச் சொன்னதாகவும் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"அதுக்கென்னண்ணே, உள்ள வாங்க" என்று கஸ்தூரி கதவைத் திறந்துவிட்டாள். கண்ணாடிப் பலகையை அவர் முன்னால் நகர்த்தி வைத்தாள். அவர் தேய்க்கத் தேய்க்கப் பக்கத்தில் நின்று பார்த்தாள். குப்பியில் அடைத்து மூடப் போனவரைத் தடுத்தாள்.

"இன்னும் கொஞ்சம் போடுங்கண்ணே. விளிம்பு வரைக்கும். காத்துக்கு எடம் குடுக்கவே கூடாது."