ஒரு பக்கம் கழித்த மாமரம்

தம்பியோடு பேச்சுவார்த்தை நின்றுபோனதிலிருந்து, அண்ணன் தன் கொல்லை மாமரத்தில் தம்பி வீட்டுப் பக்கம் நீண்ட கிளைகளை மட்டும் வருஷா வருஷம் வெட்டினார். ஒரு பழம்கூட மதிலைத் தாண்டி விழக்கூடாது என்ற வீம்பு.

"மரம் நம்ம பக்கமே சாயுதுங்க. தெரிஞ்ச ஆளைக் கூப்பிட்டுக் காட்டுங்க" என்று மனைவி சொல்லிப் பார்த்தாள்.

"என் மரத்தைக் கழிக்க எனக்குத் தெரியாதா?"

இந்த மழையில் வேரடி மண் வெடித்த பிறகுதான் மரம் வெட்டுபவரை அழைத்தார். வந்தவர் அண்ணாந்து பார்த்தார்.

"பாரமெல்லாம் ஒரே பக்கங்க. இனிமே கழிச்சுப் பிரயோஜனமில்ல, மரத்தையே எடுக்கணும். உங்க வீட்டு மேல விழாம இருக்கணும்னா பக்கத்து வீட்டுலேர்ந்து கயிறு கட்டி இழுக்கணும். அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்க."

வேறு வழியில்லாமல் அண்ணன் தம்பி வீட்டு வாசலில் போய் நின்றார். தம்பி கதவைப் பாதி திறந்து, முழுவதையும் பொறுமையாகக் கேட்டான்.

"தாராளமா கட்டிக்கச் சொல்லுங்க, சார்."

கதவு சாத்திக்கொண்டது.

மரம் துண்டு துண்டாக வண்டியேறியபோது மனைவி கேட்டாள், "தம்பி ஒண்ணும் சொல்லலையா?"

"திட்டியிருந்தாக்கூடப் பரவாயில்ல" என்றார் அவர். "சார்னு கூப்பிட்டான்."