ஆறாவது கட்டம்

ஆறாவது கட்டத்தில் எதை வெட்டுவது என்று சந்திரகாந்தாவுக்குத் தெரியவில்லை. 'இலங்கையர் / இந்தியர். பொருந்தாததை வெட்டவும்' என்று அச்சடித்திருந்தது. பேனாவை ஒரு சொல்லின் மேல் கொண்டுபோனாள், பிறகு அடுத்ததன் மேல். இரண்டிலும் கை ஓடவில்லை.

அப்பா அழகமுத்து விடியற்காலையில் செத்துப்போயிருந்தார். தொழிலாளர் வரிசைவீடான லயத்தின் வாசலில் கிடத்தியாகிவிட்டது. பலாபத்வலையிலிருந்து உறவுக்காரர்களும் வந்துவிட்டார்கள். இந்த மரண அறிக்கையைப் பூர்த்தி செய்து கொடுக்காமல் குழி வெட்ட ஆள் விடமாட்டோம் என்று ஆபீசில் சொன்னதால், அவள் மட்டும் தேயிலைத் தோட்டத்து ஆபீசுக்கு இறங்கி வந்திருந்தாள்.

"இந்தியர்னு வச்சுக்கம்மா," என்றார் பெரிய கிளாக்கர் இராமசாமி. "செத்தவருக்கு எந்த நாடா இருந்தா என்ன?"

"உயிரோட இருக்கிறவளுக்கு வேணுங்கய்யா."

பிரஜாவுரிமை கேட்டு அவள் போட்ட மனு கண்டியில் கிடந்தது. அடுத்த மாதம் விசாரணை. தகப்பன் இந்தியர் என்று ஒரு கடதாசி போய்ச் சேர்ந்தால், மற்ற எதையும் அவர்கள் படிக்கப்போவதில்லை. இராமசாமிக்கு அது தெரியாததல்ல. அவரும் இதே மலையில் லயத்தில் பிறந்தவர்தான். ஐம்பத்தாறாம் வருஷம் அவருக்குப் பிரஜாவுரிமைக் கடதாசி கிடைத்தது. அப்பாவின் மனுவை, இடையில் இரண்டு வருஷம் இங்கே இருந்ததற்கு அத்தாட்சி போதாது என்று, ஏழு வருஷம் கழித்துத் தள்ளிவிட்டார்கள். அங்கே பிரஜாவுரிமை கேட்டு இந்தியாவுக்கு எழுதச் சொன்னார்கள். பார்க்காத ஊருக்கு என்னவென்று எழுதுவது என்று அவர் எழுதவில்லை.

பேனா முனை கடதாசியில் ஒரு பொத்தல் போட்டிருந்ததை அப்போதுதான் கவனித்தாள். காலையிலிருந்து அழுகை வரவில்லை. இந்தக் கட்டத்தைப் பார்த்ததிலிருந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"ஒங்கப்பா இருந்திருந்தா இதுக்கும் ரெண்டு கேள்வி போட்டுத் தட்டு அடிச்சிருப்பாரு," என்று இராமசாமி சிரித்தார்.

அழகமுத்து பாக்டரியில் ஸ்டோர்கீப்பராக இருந்தவர். அவருக்கு முன்னால் சாமான்களை மெஷின் பேரில் கொஞ்சம், அளவுப்படி கொஞ்சம், வந்து கேட்கிற ஆள் பேரில் கொஞ்சம் என்று அலமாரித் தட்டுகளில் வைத்திருந்தார்கள். ரோலர் பெல்ட் மூன்று தட்டில் சேரும். மண்ணெண்ணெய்ப் புனல் எதிலுமே சேராது. அவர் சாமான் எதையும் தொடாமல், முதலில் உட்கார்ந்து கேள்விகளை எழுதினார். கொடுத்தால் திரும்பி வருமா, வராதா? வராததில், ஊற்றுவதா, ஊற்றாததா? ஒரு தடவைக்கு ஒரே கேள்வி, அதற்கு ஆம், இல்லை என்று இரண்டே பதில். அப்படிப் பிரித்தால் எதுவும் இரண்டு தட்டில் இருக்காது, தட்டில்லாமலும் போகாது. இன்னும் கப்பல் ஏறாத சாமானுக்குக்கூட இடம் தயாராக இருக்கும். தட்டுகளுக்குத் துண்டுச்சீட்டு எழுதிக் கொடுத்தவள் சந்திரகாந்தாதான்.

அவள் சிரிக்கவில்லை. கட்டத்தை மறுபடியும் பார்த்தாள். கேள்வி இரண்டுதான். எங்கே பிறந்தார் என்பது ஒன்று, எந்த நாடு அவரைச் சேர்த்துக்கொண்டது என்பது இன்னொன்று. இரண்டையும் ஒரே கட்டத்துக்குள் திணித்திருந்தார்கள். அதற்கு மேல், இலங்கையர் இல்லை என்றால் இந்தியர் என்று அவர்களாகவே முடிவு கட்டியிருந்தார்கள். எண்ணெய் இல்லை என்று சொன்ன டின்னில் கிரீஸ் இருந்தாக வேண்டும் என்பது போல.

சந்திரகாந்தா இரண்டு சொல்லையும் வெட்டினாள்.

இராமசாமி எழுந்துவிட்டார். "ரெண்டையும் வெட்டக்கூடாதும்மா. மேலேருந்து திருப்பி அனுப்புவாங்க."

"பொருந்தாததை வெட்டச் சொல்லித்தானே போட்டிருக்கு. ரெண்டும் பொருந்தல."

ஓரத்தில் இருந்த வெற்றிடத்தில் இரண்டு வரி எழுதி, கடதாசியை அவர் பக்கம் தள்ளினாள்.

"இதுல எது பொய்னு காட்டுங்க. மாத்திடறேன்."

அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். திரும்ப ஒரு தடவை வாசித்தார். அவள் முகத்தைப் பார்க்காமல் ஆபீஸ் ரப்பர் சீலை மையில் தொட்டுக் குத்தினார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி, மண்வெட்டியோடு இரண்டு பேரை மேலே அனுப்பும்படி வெளியே நின்ற கங்காணியிடம் சொன்னார்.

மை காயட்டும் என்று அவள் நின்றாள்.

பிறந்த இடம்: இந்தத் தோட்டம்.

பிரஜாவுரிமை தந்த நாடு: எதுவும் இல்லை.