முதுகுக்குப் பின்னால் கழுகுப்படை

டயர் கடைக்கு மேல்மாடியில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நடக்கிற போரில் இதுவரை ஒரு சொட்டு ரத்தம் சிந்தியதில்லை. சிந்தியதெல்லாம் காபிதான். பச்சைத் துணி விரித்த பெரிய மேஜை, அதன்மேல் அட்டைக் குன்றுகள், நட்டநடுவில் ஒரு கோபுரம், இரண்டு பக்கமும் சுண்டுவிரல் உயரத்தில் படைவீரர்கள். பகடை உருட்டி, டேப் வைத்து இன்ச் இன்ச்சாக அளந்து நகர்த்த வேண்டும். ஆறாவது சுற்று முடியும்போது கோபுரத்தடியில் யார் படை நிற்கிறதோ அவர் ஜெயித்தவர். வளர்ந்த ஆட்கள் இதற்குப் போய் மல்லுக்கட்டுவார்களா என்று கேட்டால், கட்டுவார்கள். வாரம் தவறாமல் கட்டுவார்கள்.

அந்த ஞாயிறு எதிரெதிரே நின்றவர்கள் புருஷனும் பெண்டாட்டியும். அவருக்கு ஏசி பழுதுபார்க்கும் வேலை. மாடியில் எல்லோருக்கும் அவர் ‘ஏசி அண்ணன்’. அவள் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவள். அண்ணனின் மனைவி என்பதால் அங்கே அவள் எல்லோருக்கும் அண்ணி.

ஒரே ஒரு இடத்துக்காகத்தான் இந்த ஆட்டம். வெளியூர்ப் போட்டிக்கு வருஷா வருஷம் நாலு பேர் அணியாகப் போவார்கள். அண்ணியும் கூடப் போவாள், ஆட அல்ல. பெட்டியைத் தூக்க, ஒடிந்த ஈட்டிக்குப் பசை வைக்க, யாருக்காவது வயிற்றைக் கலக்கினால் அவனுக்குப் பதிலாக உட்கார. இத்தனை வருஷத்தில் பாழாய்ப்போன ஒருத்தனுக்கும் வயிற்றைக் கலக்கவில்லை. இந்த வருஷம் அணியைக் கலைத்துப் புதிதாக ஆட்டம் வைத்ததில் மூன்று இடம் போக, நாலாவது இடத்துக்கு மிஞ்சியது இவர்கள் இருவர்.

“வீட்டுக்குள்ளயே பேசி முடிச்சிருக்கலாமே அண்ணி?” என்றான் கேப்டன். மருந்துக்கடை வைத்திருக்கிற பையன். அணியில் யார் யார் என்று சொல்கிற அதிகாரம் அவனுடையது.

“பேசினா அவர்தான் போவார். ஆடினா பார்ப்போம்” என்றாள்.

அவளுக்கு அந்த இடம் வேண்டும். மனசார வேண்டும். அதைச் சொல்லிக்கொள்ள அவளுக்குக் கூச்சமாக இருந்ததே தவிர, ஆசையில் ஒரு குறையும் இல்லை.

அவளுடைய படையில் பெருமைக்குரியவர்கள் ஐந்து கழுகு வீரர்கள். பறவைமேல் ஏறி உட்கார்ந்து பறக்கிற குதிரைப்படை என்று வைத்துக்கொள்ளுங்கள். காலாட்கள் ஒரு சுற்றுக்கு ஐந்து இன்ச் நகர்ந்தால் இவை இருபது இன்ச் பறக்கும், குன்றோ கோட்டையோ எதுவும் குறுக்கே நிற்காது. ஒவ்வொரு கழுகின் கண்ணிலும் ஊசிமுனையால் மஞ்சள் புள்ளி வைத்திருந்தாள். இவ்வளவு வேகம் இருக்கிறதே என்று ஒவ்வொரு ஆட்டத்திலும் முதல் சுற்றிலேயே பறக்கவிட்டு, நேரே புருஷனின் ஈட்டிக்காரர்கள்மேல் கொண்டுபோய் முட்டுவாள். அடிப்பாவி! வேகமாகப் போகிறது என்பதற்காக ஈட்டிமுனையிலா போய் உட்காருவது? இரண்டாவது சுற்றுக்குள் ஐந்தும் பெட்டிக்குள் படுத்திருக்கும். “உன் கோழிங்க வந்தாச்சா?” என்று அவர் கேட்பார், மாடியே சிரிக்கும்.

போன மாதம் ஒரு ஆட்டத்தில் அப்படி நாலு செத்து, ஒன்று மட்டும் தப்பிப் போய் அவர் படைக்குப் பின்னால் இறங்கியது. அதை வைத்து என்ன செய்வது என்று அவளுக்கே தெரியவில்லை, விட்டுவிட்டாள். ஆனால் அவர் அந்த ஒற்றைப் பறவைக்காக இருபது ஈட்டிக்காரர்களை முழுசாகத் திருப்பினார். முதுகில் அடி விழுந்தால் ஈட்டியும் கேடயமும் உதவாது, அது விதி. ஆனாலும் ஒரே ஒரு பறவைக்கா? அவள் வீட்டுக்குப் போய்ப் பாத்திரம் தேய்க்கும்போது தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள்.

ஆகவே இன்று முதல் சுற்றில் கழுகுகள் குன்றுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தன. அவருடைய வில்லாளிகள் கண்ணில் படாத இடம்.

“என்ன, கோழிங்களுக்கு இன்னும் விடியலையா?” என்றார் ஏசி அண்ணன்.

“உங்க வேலையப் பாருங்க.”

அவருடைய ஈட்டிக்காரர்கள் கோபுரத்தை நோக்கி மிடுக்காக நடந்தார்கள். இரண்டாவது சுற்றில் அவள் டேப்பை நீட்டினாள், அளந்தாள், ஐந்து கழுகுகளையும் அவர் படையைத் தாண்டிப் பறக்கவிட்டு, முதுகுக்குப் பின்னால் ஆறு இன்ச் தள்ளி இறக்கினாள். இறக்கிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டாள்.

“அடிக்கலையா?” என்றான் கேப்டன்.

“இல்ல.”

ஏசி மேஜையைச் சுற்றிவந்து பார்த்தார். முன்னால் கோபுரம், பின்னால் பறவை. நடக்கலாம், நடந்தால் முதுகு அவளுக்குக் கிடைக்கும். திரும்பலாம், திரும்பினால் அந்தச் சுற்று போச்சு. நெற்றியைத் தேய்த்தார். வீட்டில் அடுப்படியில் யாராவது சத்தமில்லாமல் பின்னால் வந்து நின்றாலே துள்ளித் திரும்புகிற மனுஷன். இருபது பேரையும் திருப்பினார்.

மூன்றாவது சுற்றில் கழுகுகள் எழும்பிப் பழைய பக்கமே போயின. இப்போதும் முதுகுதான். அவர் மறுபடி திருப்பினார். அவளுடைய நடைப்படை, எட்டே எட்டு வாள்வீரர்கள், ஒருத்தர் கண்ணிலும் படாமல் கோபுரத்தை நோக்கிப் பொடிநடையாகப் போய்க்கொண்டிருந்தது.

“ஒண்ணு அடி, இல்ல போ! என்ன இது ஈ மாதிரி?” என்று கத்தினார்.

“எங்க போகணும்னு நீங்க சொல்லுங்க, போறேன்.”

நாலாவது சுற்றில் கழுகுகள் மறுபடி பின்னால் இறங்க, அவர் வில்லாளிகளைத் திருப்பி எய்யச் சொன்னார், ஒரு கழுகு செத்தது. ஆனால் வில்லாளிகளும் இப்போது திரும்பி நின்றார்களே! அடுத்த இரண்டு சுற்றும் இதே கூத்து. ஆறாவது சுற்று முடிந்தபோது கோபுரத்தடியில் எட்டு வாள்வீரர்கள் நின்றார்கள். ஏசியின் படை பாதி மேஜைகூடத் தாண்டவில்லை. கழுகுகள் கடைசிவரை ஒரு அடிகூட அடிக்கவில்லை.

மாடியே கைதட்டியது. அவளுக்குக் காது மடலெல்லாம் சூடானது.

ஏசி டேப்பைச் சுருட்டி வைத்தார். கேப்டனைப் பார்த்துக் கண்ணடித்து, “சரி விடுப்பா, பொம்பள ஆசைப்பட்டா. விட்டுக் குடுத்தேன்” என்றார்.

சிரிப்பு எழுந்தது. கைதட்டினவர்களே சிரித்தார்கள். “அதானே பார்த்தேன்” என்று யாரோ சொன்னார்கள். அவளுக்கு நெஞ்சு எரிந்தது. தோற்றிருந்தால்கூட இப்படி எரிந்திருக்காது. இடம் கையில் இருக்கிறது, ஆனால் ஊர் ஊராகப் போகும்போதும் அது புருஷன் விட்டுக்கொடுத்த இடமாகத்தான் இருக்கும்.

அவள் சண்டை போடவில்லை. செத்த கழுகைப் பெட்டியிலிருந்து எடுத்து மறுபடி மேஜைமேல் வைத்தாள்.

“அடுக்குங்க.”

“என்னது?”

“இன்னொரு ஆட்டம். இப்ப விட்டுக் குடுக்காதீங்க. நான் தோத்தா இடம் உங்களுக்கு.”

“அண்ணி, அதெல்லாம் வேணாம், உங்க பேரைத்தான்...” என்று கேப்டன் இழுத்தான்.

“நீ சும்மா இருப்பா.”

எல்லோரும் மேஜையைச் சுற்றி நெருங்கினார்கள். ஏசி சிரித்துக்கொண்டேதான் ஈட்டிக்காரர்களை எடுத்தார். முதல் வரிசையை வைத்தார். எதிரே குன்றுக்குப் பின்னால் ஐந்து கழுகுகள் உட்கார்ந்திருந்தன. வரிசையைக் கொஞ்சம் பின்னால் தள்ளினார். இன்னும் கொஞ்சம். கடைசியில் இருபது பேரும் மேஜை விளிம்போடு ஒட்டி நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் ஒரு பறவை இறங்க வேண்டுமானால் தரையில்தான் இறங்க வேண்டும்.

கேப்டன்தான் முதலில் கவனித்தான். “ஏண்ணே, விட்டுக் குடுத்தவரு எதுக்கு இப்படி ஓரத்துல போய் ஒட்டிக்கிட்டு நிக்கிறீங்க?”

இந்தத் தடவை சிரிப்பு மாடியைத் தூக்கியது. ஏசி தன் கையைப் பார்த்தார், தன் படையைப் பார்த்தார், பெண்டாட்டியைப் பார்த்தார். அவள் மட்டும் சிரிக்கவில்லை.

“சரிப்பா” என்றார், குரல் இறங்கி. “நான் ஒண்ணும் விட்டுக் குடுக்கல. உசிரக் குடுத்துதான் ஆடினேன். அவ ஜெயிச்சிட்டா. போதுமா?”

“போதும்” என்றாள் அவள். கண் கலங்கியது. இத்தனை பேர் முன்னால் கலங்குகிறதே என்று அதன்மேல் எரிச்சலும் வந்தது.

கேப்டன் பெட்டியைத் திறந்து பொம்மைகளை எடுத்துவைக்கக் கை நீட்டினான். அவள் அந்தக் கையை விலக்கினாள்.

“யாரு எடுக்கச் சொன்னா? ஏங்க, உங்க ஆட்டம்தான் முதல்ல. ஓரத்த விட்டு முன்னால வாங்க.”