வடக்குப் பக்கத்தார்

சாலேம்குடியிருப்பு வேதக்கோயில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் திரும்பி உட்கார்ந்துகொண்டது. அதுவரை அதன் வாசல் மேற்கே குளத்தைப் பார்த்து இருந்தது. இப்போது கிழக்கே புது நான்குவழிச் சாலையைப் பார்த்து இருந்தது. உள்ளே பெருக்கிக்கொண்டிருந்த கோயில் பணியாளர் குட்டியார், குளத்துப் பக்கம் என்று நினைத்துக் குப்பையைச் சாலையில் தள்ளினார். ஒரு லாரிக்காரர் ஏசிவிட்டுப் போனார்.

காரணம் ஊருக்கே தெரியும். முந்தின வாரம் திருமண்டலத் தலைமை அலுவலகத்திலிருந்து கிங்ஸ்லி என்ற ஆலோசகர் வந்திருந்தார். மாறிவரும் காலத்துக்குச் சபைகளைப் பழக்குவது அவர் வேலை. கோயிலுக்குள் திரை கட்டி, படம் காட்டி, சாயங்காலம்வரை பேசினார். சபையாரோ ஊர்கூடிச் சமைத்த அசனச் சாப்பாட்டை ஒரு பிடி பிடித்துவிட்டு வந்தவர்கள்; அத்தனை பேரும் தூங்கிவிட்டார்கள். கடைசிவரை கவனித்துக் கேட்டது கோயில் மட்டும்தான். கேட்டபடி அது மாறிக்கொண்டது.

திரும்பியதில் யாருக்கும் மனக்குறை இல்லை. வம்பு பெஞ்சுகளால் வந்தது. அந்தக் கோயிலில் ஆண்கள் வடக்கே உட்காருவார்கள், பெண்கள் தெற்கே. வேதபாடம் வாசிக்கும் உரிமை வடக்குப் பக்கத்தாருக்கு. 'ஆண்கள்' என்று யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. வடக்குப் பக்கத்தார் என்று சொன்னால் கேட்கக் கௌரவமாக இருந்தது. கோயில் திரும்பியதும் பெஞ்சுகளும் கூடவே திரும்பின. பெண்கள் வடக்குப் பக்கத்தார் ஆகிவிட்டார்கள்.

இதை முதலில் கண்டுகொண்டவர் சுகிர்தா டீச்சர். ஈஸ்டர் அன்று பாடம் வாசிக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. அவருடைய அம்மா அன்னத்தாய்க்கும் அதே ஆசைதான். நாலாவது பெஞ்சில் உட்கார்ந்து, யாரோ வாசிப்பதற்கு வாயை மட்டும் அசைத்து அசைத்தே அந்த அம்மாள் போய்ச் சேர்ந்தார். கோயிலை ஒட்டிய கல்லறைத் தோட்டத்தில்தான் இருக்கிறார்.

"ஈஸ்டருக்கு நான் வாசிக்கேன் அண்ணாச்சி" என்றார், கமிட்டிச் செயலாளர் மோசஸ் பொன்னையாவிடம்.

"அதெப்படி டீச்சர்? நீங்கள்லாம் பழையபடி தெக்க போயிருங்க. நாங்க வடக்க வந்துருதோம்."

"நாங்க எதுக்கு எந்திரிக்கணும்? எங்க பெஞ்சுலதான் இருக்கோம். திரும்புனது கோயிலு. அதுகிட்டப் போயிக் கேளுங்க."

நியாயம்தானே. மோசஸ் போய்க் கேட்டார். கோயில் அவர் சொல்லுக்குத் திரும்பவில்லை. கமிட்டி மறுபடியும் கிங்ஸ்லியை வரவழைத்தது. இந்த முறை அவர் மாறாமல் பழையபடியே இருப்பது எப்படி என்று பேச வேண்டும். அதற்கும் அவரிடம் படங்கள் இருந்தன.

ஈஸ்டருக்கு முந்தின நாள் கூட்டம். கிங்ஸ்லி வாயைத் திறந்ததும் சுகிர்தா எழுந்து ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தினார். கட்டடத்துக்கு ஜன்னல் வழியாகத்தான் காது கேட்கும். வெளியே சித்திரை வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

"டீச்சர், புழுங்குது" என்றார் குருவானவர்.

"புழுங்கட்டும் ஐயரே. எங்கம்மா காலத்துல இருந்தே நாங்க புழுங்கிக்கிட்டுதான இருக்கோம்."

மோசஸ் ஒரு ஜன்னலைத் திறக்கப் போனார். அங்கே ஒரு பெண் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். அடுத்த ஜன்னலில் இன்னொருத்தி. எல்லா ஜன்னல்களிலும் முதுகுகள். யாரும் அசைந்து கொடுக்கவில்லை. கிங்ஸ்லி வேர்த்து விறுவிறுத்துப் பேசி முடித்தார். ஆண்கள் தூங்கினார்கள். கோயில் காதில் ஒரு வார்த்தைகூட விழவில்லை.

ஈஸ்டர் காலையிலும் வாசல் சாலையைப் பார்த்தபடியே இருந்தது. சுகிர்தா முன்னால் போய் நின்றார்.

"ஆண்டவரோட கல்லறை காலியா இருக்குன்னு மொதல்ல வந்து சொன்னது பொம்பளைங்க" என்றார். "அதைப் போயி இத்தனை வருசமா ஆம்பளைங்க வாசிச்சு நாங்க கேட்டுக்கிட்டு இருந்தோம். இனி முடியாது."

பிறகு வாசித்தார். வெளியில் இருப்பவர்களுக்கும் கேட்கட்டும் என்று சத்தமாகவே வாசித்தார். ஜன்னல்களை அவரே விடியும்போது வந்து திறந்து வைத்திருந்தார்.

வாசித்து முடித்ததும் கல்லறைத் தோட்டத்தில் கற்கள் நகர்ந்தன. பெண்கள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டியபடி வந்தார்கள். மண்காலோடு வந்தால் வழுக்கும் என்று குட்டியார் வாசலில் சாக்கு விரித்தார். தெற்கே போக வேண்டாம் என்று அவர்களுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

முதலில் வந்தவர் அன்னத்தாய். நேராக மகளிடம் போய்க் கையை நீட்டினார்.

"கண்ணாடியத் தாட்டி. எழுத்து பொடிசா இருக்கு."

சுகிர்தா கழற்றிக் கொடுத்தார். அன்னத்தாய் அதே பாடத்தை முதலிலிருந்து வாசித்தார். அவருக்குப் பின்னால் மற்றவர்கள் வரிசையில் நின்றார்கள். நிற்க முடியாதவர்களுக்கு மோசஸ் பெஞ்சு தூக்கிப் போட்டார். வரிசை வாசலைத் தாண்டிச் சாலைக்குப் போனது. சுங்கச்சாவடிக்காரர்கள் வந்து பார்த்து, நான்கு வழியில் ஒன்றை அவர்களுக்கு ஒதுக்கிவிட்டு, லாரிகளை மற்ற மூன்றில் போகச் சொன்னார்கள்.