விக்டரின் ரத்தம்

எங்கள் வீட்டில் ஓ நெகட்டிவ் ரத்தம் இரண்டு பேருக்குத்தான். மகள் டோரதிக்கும், பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்க்கும் மகன் விக்டருக்கும். அதனால் எண்பத்தெட்டில், இரண்டாவது பிரசவம் முடிந்து டோரதிக்கு உதிரப்போக்கு நிற்காதபோது, நான் அவ்வளவாகப் பயப்படவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் அனுப்பினேன். விக்டர் ஷிப்டைப் பாதியில் விட்டு சைக்கிளில் ஓடிவந்து ரத்தம் கொடுத்தான்.

ப்ளட் பேங்க் டாக்டரம்மா வந்து, அந்த ரத்தத்தை ஏற்ற முடியாது, டெஸ்ட்டில் பாசிட்டிவ் என்றார். எனக்குச் சுர்ரென்று வந்தது. பிறந்ததிலிருந்து நெகட்டிவாக இருக்கிற பிள்ளை இன்றைக்கு எப்படிப் பாசிட்டிவ் ஆவான், பாட்டிலை மாற்றிவிட்டீர்கள் என்று வார்டே திரும்பிப் பார்க்கச் சத்தம் போட்டேன்.

குரூப் நெகட்டிவ்தான், இது வேறு டெஸ்ட் என்று அவர் பொறுமையாகச் சொன்னார். மஞ்சள்காமாலைக் கிருமி விக்டர் ரத்தத்தில் இருக்கிறதாம். ஆளைப் பார்த்தால் தெரியாதாம். ஏற்றினால் டோரதியின் ஈரலிலும் போய் உட்கார்ந்துகொள்ளுமாம். விக்டர் திருடி அகப்பட்டவன் மாதிரி தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டான்.

அதே குரூப்காரர் ஒருவர் ஸ்ரீரங்கத்தில் இருந்தார். வீடு பூட்டிக் கிடக்கிறது என்று மருமகன் திரும்பி வந்தார். தஞ்சாவூரிலிருந்து வரவழைக்கலாம், ஆனால் அதுவரை டோரதி தாங்கவேண்டும். டோரதியின் உதடு வெளுத்துக்கொண்டே போனது. காமாலை வந்தால் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்துக்கொள்கிறேன், முதலில் உயிரைக் கொடுங்கள் என்று டாக்டரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவர் மசியவில்லை.

அப்போதுதான் விக்டர் வாயைத் திறந்தான்.

"அக்காவோட முதல் பிரசவத்துக்கும் நான்தாங்க ரத்தம் குடுத்தேன். அப்ப இந்த டெஸ்ட்டெல்லாம் பண்ணலை. அப்படின்னா அக்காவுக்கும் வந்திருக்குமா?"

டாக்டரம்மா அவன் பக்கம் திரும்பினார். "வந்திருக்கலாம். இப்பவே பாத்துடுறேன். அவங்களுக்கும் பாசிட்டிவ்னா புதுசா ஒண்ணும் வரப்போறதில்ல, இதையே ஏத்திடலாம். இல்லேன்னா நான் ஏத்த மாட்டேம்மா."

டோரதியின் கையில் ஊசி குத்தி ரத்தம் எடுத்துக்கொண்டு போனார். இருக்கிற கொஞ்சத்தையும் எடுக்கிறார்களே என்று புலம்பினேன்.

நான் ஜெபமாலையை எடுத்தேன். பெற்றவள் கேட்கக்கூடாததுதான், எனக்குத் தெரியாதா? சகாய மாதாவே, என் மகள் ரத்தத்திலும் அந்தக் கிருமி இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.